அங்கர் பேணியும் பன்னிரண்டு சொற்களும்

எங்கள் வளவுக்குள் எங்கோ ஓர் அங்கர் பால்மாப் பேணி புதைந்து கிடக்கிறது. 2008 இல் போருக்குள் வன்னியின் அக்கராயனை விட்டு வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு, தாலிக்கொடி தவிர்ந்த நகை அத்தனையையும் அம்மா அதற்குள் வைத்தார். பதினொரு பவுண். சொப்பிங் பையில் இரண்டு தரம் சுற்றி, பேணியின் மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றினார். பெரியண்ணா கிடங்கு வெட்டினார். எங்களை அம்மா வெளியே வர விடவில்லை. "கனபேருக்குத் தெரிஞ்சால் கதை வெளியாலை போயிடும்" என்றார். அந்தக் காலத்துக்கு அது சரியான பயம்.

அண்ணா மாத்தளனில் செல்லடியில் போனார். செட்டிகுளம் முகாமில் அம்மா படுக்கையில் இருந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான்: "கிணத்தடியிலை இருந்து மூண்டாவது தென்னை. அங்காலை எத்தினை கவடு எண்டு அவனுக்குத்தான் தெரியும்." 2010 இல் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது. தென்னை ஒன்றுகூட இல்லை. வளவு முழுவதையும் புல்டோசர் மட்டம் தட்டியிருந்தது. மூன்று மழைக்காலம் தோண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம்.

கிரிப்டோ நாணயத்தைப் பற்றி எழுத வந்தவள் இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று எங்கள் பிள்ளைகள் அதே கிடங்கைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசிக்குள் வெட்டுகிறார்கள். அதனால் எங்கள் கண்ணில் படுவதில்லை.

நான் கூட்டுறவுச் சங்கக் கிராமிய வங்கி ஒன்றில் 22 வருடம் அடகுப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவள். நகையையும் திறப்பையும் சீட்டையும் பார்த்தே தலை நரைத்தது. கணினி படித்தவள் அல்ல. 2024 ஆடியில், அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், ஒரு பின்னேரம் வந்து எங்கள் வாசற்படியில் குந்திக்கொண்டு அழுதான். அன்றிலிருந்துதான் இதைக் கேட்டும் வாசித்தும் அறியத் தொடங்கினேன்.

அவன் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரருக்கு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன். சம்பளம் யூஎஸ்டிரி என்ற நாணயத்தில் வரும். ஒன்று ஒரு அமெரிக்க டொலர் பெறுமதியில் நிற்கும்படி வெளியிடப்படுவது அது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ஓரிரு மாதத்துக்குள் 360 வரை ஏறியதைப் பார்த்த பொடியள் அவர்கள். கையிலிருக்கும் ரூபா கரைவதைக் கண்டவன் டொலரோடு ஒட்டிய எதையாவது வைத்திருக்க நினைத்தால் அவனை நான் குறை சொல்ல மாட்டேன். 640 சேர்த்திருந்தான். ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபா. பழைய லான்ட்மாஸ்டர் ஒன்றுக்கு முற்பணம் கட்ட வைத்திருந்த காசு.

அனுப்பிய தொகை ஒன்று போய்ச் சேராமல் நின்றிருக்கிறது. டெலிகிராம் குழுவொன்றில் உதவி கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் "உதவிப் பிரிவு" என்று ஒருவர் தனியே எழுதினார். மரியாதையான பேச்சு. ஒரு பக்கத்தின் இணைப்பை அனுப்பி, பணப்பை எனப்படும் அவனுடைய செயலியைச் சரிபார்க்க அதன் பன்னிரண்டு சொற்களையும் பதியச் சொன்னார். பதிந்து ஒன்பது நிமிடத்தில் 640 உம் போய்விட்டது.

"சின்னம்மா, அவங்கள் காசு ஒண்டும் கேக்கேல்லை. பன்ரண்டு சொல்லுத்தான் கேட்டவங்கள்" என்றான்.

அந்தச் சொற்கள் என்ன என்பதை எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நாணயம் தொலைபேசிக்குள் இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரேமாதிரி எழுதப்படும் பேரேட்டில், உங்கள் முகவரிக்கு நேரே ஒரு தொகை பதிந்திருக்கிறது. அதை நகர்த்தும் அதிகாரம் ஓர் இரகசிய இலக்கத்துக்கு உண்டு, அதுதான் திறப்பு. அந்த இலக்கத்தை மனிதர் எழுதி வைக்கக்கூடியதாக மாற்றியதுதான் அந்தச் சொற்கள். 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொல், ஒரு குறித்த வரிசையில். பொடியள் "சீட்" என்கிறார்கள். தொலைபேசி தொலைந்தால் வேறொரு தொலைபேசியில் அந்தச் சொற்களைப் பதிந்து முழுவதையும் மீட்கலாம். கள்ளனும் அப்படியே மீட்பான். உங்கள் அடையாள அட்டை, கையெழுத்து, கைரேகை எதுவும் அங்கே கேட்கப்படுவதில்லை.

அடகுச் சீட்டைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் வந்திருப்பார்கள்! பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டு வரச் சொல்வோம், பதிவேட்டைப் பார்ப்போம், கையெழுத்தை ஒப்பிடுவோம், நகை கிடைத்துவிடும். சொற்களைத் தொலைத்தவனுக்குப் போக ஒரு கவுண்டர் இல்லை. பெறாமகன் எனக்குத் தொலைபேசியில் காட்டினான்: அவனுடைய 640 எந்த முகவரிக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று எல்லாம் தெரிகிறது. உலகத்தில் யாரும் பார்க்கலாம். யூஎஸ்டிரியை வெளியிடும் நிறுவனம் விசாரணை அதிகாரிகள் கேட்டால் சில முகவரிகளை முடக்குவது உண்டு. ஆனால் அக்கராயனில் ஒரு பொடியனின் 640 டொலருக்காக அதிகாரிகளின் கடிதம் போய்ச் சேருவதற்குள் காசு பத்து முகவரி தாண்டிவிடும்.

கிரிப்டோ உலகத்தில் பழகியவர்கள் ஒரு பேச்சுச் சொல்வார்கள்: திறப்பு உன் கையில் இல்லையென்றால் நாணயமும் உன்னுடையதல்ல. அதற்கு நியாயம் இருக்கிறது. நாணயத்தை வாங்கி விற்கும் தளத்திலேயே விட்டுவைத்தால் திறப்பு அவர்களிடம்தான் இருக்கும், உங்களிடம் இருப்பது ஒரு கணக்குப் பதிவு மட்டுமே. 2014 மாசியில் டோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் தளம் விழுந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்கொயின் காணாமல் போனதாக அறிவித்தது. அதில் ஒரு பகுதி பிறகு அகப்பட்டது. வைத்தவர்கள் தங்கள் பங்கைக் காணப் பத்து வருடம் பிடித்தது. 2022 கார்த்திகையில் எஃப்டிஎக்ஸ் தளம் விழுந்தது. 2024 ஆடி 18 இல் இந்தியாவின் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டொலருக்கு மேல் திருடப்பட்டது. தமிழ்நாட்டிலும் அதில் காசு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேலாக எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள்.

இன்னொருவர் கையில் கொடுத்துக் காத்திருப்பது என்றால் என்னவென்று வன்னிச் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புலிகளின் தமிழீழ வைப்பகத்தில் நகையை அடகு வைத்தவர்களிடம் பற்றுச்சீட்டு இருந்தது. 2009 க்குப் பிறகு அந்தச் சீட்டைக் காட்ட இடம் இல்லை. 2014 இன் கடைசியில், சனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்பு, ஒரு பகுதியினருக்கு நகை திருப்பிக் கொடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் கண்டெடுத்த பொன், வெள்ளிப் பொருட்களை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில். பதினாறு வருடம் கழித்து. சீட்டை வைத்திருந்த எத்தனையோ தாய்மார் அதற்கிடையில் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஆனால் திறப்பைத் தானே வைத்திருந்தவனும் தப்பினான் என்று சொல்ல முடியாது. பிரித்தானியாவின் வேல்ஸில் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவெல்ஸின் 8,000 பிட்கொயினுக்கான திறப்பு, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. 2013 இல் அது குப்பையோடு போய்விட்டது. நகரசபைக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காக அலைந்தார். 2025 தையில் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எந்த மேட்டில் கிடக்கிறது என்று தெரிந்தும் எடுக்க முடியாதவனின் மனம் எப்படி இருக்கும் என்று எங்கள் வளவைப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

ஆகவே பிறர் கையா, என் கையா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை கை என்றும் கேளுங்கள். எங்கள் வங்கியின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு திறப்பு. ஒன்று முகாமையாளரிடம், மற்றது காசாளரிடம். காலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று திருப்பினால்தான் கதவு அசையும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய திறப்பு கையெழுத்தோடு இன்னொருவருக்கு மாறும். மாற்றுத் திறப்புகள் முத்திரை வைத்து வேறொரு கிளையில் இருக்கும். இருபத்திரண்டு வருடமும் அந்தச் சடங்கைத் தினமும் பார்த்தேன். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் தனியாகத் திருடவும் முடியாது, ஒருவர் இறந்தால் பெட்டி பூட்டியபடி கிடக்கவும் மாட்டாது.

கிரிப்டோவிலும் இதே ஏற்பாடு உண்டு. மூன்று திறப்பு உருவாக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் பணம் நகரும்படி அமைக்கலாம். ஒன்று தொலைந்தால் மிச்சம் இரண்டும் காப்பாற்றும். ஒன்று களவு போனால் அது ஒன்றால் பயனில்லை. பெரிய தொகை வைத்திருப்பவர்கள் இதைச் செய்யத்தான் வேண்டும். அம்மாவும் அண்ணாவும் செய்தது இதற்கு மறுவளம்: அரைவாசிக் கணக்கு ஒருவரிடம், மிச்சம் மற்றவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் உண்டு, ஒன்று போனால் எல்லாம் போச்சு. இன்றும் பன்னிரண்டு சொல்லில் ஆறை ஒரு கொப்பியிலும் ஆறை இன்னொரு கொப்பியிலும் எழுதி வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கொப்பியைக் கறையான் தின்றால் மற்றக் கொப்பியும் வெறும் தாள்.

இரண்டு திறப்பு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் காவல் இல்லை. வசீர்எக்ஸின் பணப்பைக்கும் பல கையெழுத்து வேண்டியிருந்தது. கையெழுத்து வைத்தவர்கள் திரையில் கண்டது ஒன்று, கையெழுத்துப் பட்டது வேறொன்றுக்கு. 2025 மாசியில் பைபிட் தளத்திலிருந்து 150 கோடி டொலர் அளவில் போனதும் அப்படித்தான். வடகொரியாவின் கை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. காசை எண்ணாமல் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதே என்று எனக்கு வேலை பழக்கிய முகாமையாளர் முதல்நாளே சொன்னார். இங்கேயும் அதுதான்: லெட்ஜர், ட்ரெசர் போன்ற தனிக் கருவி வைத்திருந்தால், கணினித் திரையை நம்பாமல் அந்தக் கருவியின் சின்னத் திரையில் தெரியும் முகவரியையும் தொகையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டு அழுத்துங்கள். முகவரியின் தலையும் வாலும் ஒன்றுபோல இருக்கும்படி போலி முகவரி செய்து, உங்கள் பழைய கணக்குப் பட்டியலுக்குள் நுழைத்து விடுகிறார்கள். நடுவையும் பாருங்கள். பெரிய தொகை என்றால் முதலில் ஐந்து டொலர் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டபின் மிச்சத்தை அனுப்புங்கள்.

சொற்களை எங்கே வைப்பது? படம் எடுக்கக் கூடாது. தொலைபேசியில் எடுத்த படம் தானாகவே இணையக் கணக்குக்குப் போய்விடலாம். வட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்புவது, போட்டோக்கொப்பிக் கடையில் பிரதி எடுப்பது, எல்லாம் ஒன்றுதான். தொலைபேசி திருத்தக் கொடுக்குமுன் பணப்பையை அதிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். தாளில் எழுதலாம். ஆனால் எங்கள் மண்ணில் தாளுக்கு என்ன ஆயுள்? கறையான் ஒரு மாதத்தில் தின்றுவிடும். 2018 மார்கழியில் வெள்ளம் வந்தபோது காணி உறுதிகளைக் கொடியில் பிடவை போலக் காயப் போட்டவர்களை நான் கண்டேன். மை கரைந்து எழுத்தே இல்லை.

எங்கள் வீடுகளில் சீதனச் சாமானில் பெயர் வெட்டுகிற வழக்கம் உண்டு. எத்தனையோ வருடத்துக்கு முந்திய சில்வர் செம்பில் அம்மாவின் பெயர் இன்றும் தெளிவாக இருக்கிறது. இடம்பெயர்வில் ஒன்பது இடம் சுமந்து திரிந்த செம்பு அது. பெறாமகனிடம் அதைத்தான் காட்டினேன். கிளிநொச்சியில் இரண்டு சில்வர் தட்டும் எழுத்துப் பொறிக்கும் ஆணித்தொகுதியும் வாங்கிவந்து, புதிய பணப்பையின் சொற்களைத் தானே அடித்தான். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இராது. ஆகவே சொல்லுக்கு நான்கு எழுத்துப் போதும், மொத்தம் 48 ஐத் தாண்டாது. மாமரத்தின் கீழே கதிரையில் இருந்து இரண்டு மணித்தியாலம் அடித்தான். கடையில் கொடுத்து வெட்டினால் வெட்டுகிறவர் வாசித்துவிடுவார், அதனால் சொந்தக் கையால்தான் செய்ய வேண்டும். வரிசை இலக்கத்தையும் அடிக்க வேண்டும். இடம் மாறினால் சொல் வேலை செய்யாது. இப்படி இரண்டு தட்டு, இரண்டு வீட்டில்.

எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இனித்தான் வருகிறது. எங்கள் ஊரில் பெரியவர்கள் கிரிப்டோ என்றாலே "அது களவுத் தொழில், தொடாதை" என்று பேசிவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஆட்களைச் சேர்த்தால் லாபம் என்று அலைந்த ஸ்போர்ட் செயின், ஒன்மேக்ஸ் டிரி போன்றவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி 2023 இல் பெயர் சொல்லி அறிவித்தது. கிரிப்டோ வியாபாரத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று 2021 இலும் 2022 இலும் மக்களை எச்சரித்தது. வங்கி அட்டையால் அதை வாங்கவும் அனுமதி இல்லை என்றது. நட்டப்பட்டால் முறையிட ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இல்லை என்பதே இதன் பொருள். நுண்கடன் எடுத்தோ, தாலிக்கொடியை அடகு வைத்தோ இதற்குள் காசு போடுவதை நான் ஒருகாலும் ஏற்க மாட்டேன்.

ஆனால் உழைத்த சம்பளமாகவே இது வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற மாமன்மார் அனுப்புகிறார்கள். வாயால் ஏசிவிட்டால் அது இல்லாமல் போகுமா? பிள்ளை ஒளித்து வைத்திருப்பான். ஒளித்தவன் ஒரு நாள் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தால், ஒளித்ததும் அவனோடு போகும். கனடாவின் குவாட்ரிகா தளத்தை நடத்திய ஜெரால்ட் கொட்டன் 2018 மார்கழியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் 30 வயதில் இறந்தார். திறப்புகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று அறிவிக்கப்பட்டது. பணத்தில் பெரும்பகுதியை அவர் முன்பே மோசடியாகக் கரைத்திருந்தார் என்பது 2020 இல் ஒன்டாரியோ அதிகாரிகளின் விசாரணையில் வெளிவந்தது. ஒரேயொருவர் மட்டும் அறிந்த கணக்கு என்றால் இரண்டும் நடக்கும்: களவு மறையும், சொத்தும் மறையும்.

சொற்களை மறையுங்கள். ஆனால் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பணப்பை, தட்டு எங்கே இருக்கிறது, தனக்கு ஏதும் நடந்தால் யாரிடம் கேட்டு எடுப்பது, இவ்வளவும் ஒரு கடித உறைக்குள் தமிழில் எழுதி வைத்தால் போதும். வீட்டுக்கு வெளியே மூச்சு விடக் கூடாது. லெட்ஜர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரை 2025 தையில் பிரான்சில் கடத்தி, விரலை வெட்டிப் பணம் கேட்டார்கள். முகநூலில் லாபத்தைப் படம் போடும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெறாமகன் மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறான். தட்டு இரண்டும் எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் அக்காவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளையோடு அரை மணித்தியாலம் வீடியோவில் இருந்து கதையுங்கள். சொற்களை எழுதிவிட்டானா, இரண்டு இடத்தில் வைத்தானா, தாய்க்குத் தெரியுமா என்று கேளுங்கள். சொற்களைக் காட்டச் சொல்லாதீர்கள், காட்ட வந்தாலும் பார்க்காதீர்கள். உதவிப் பிரிவு, வங்கி, பொலிஸ், மாமா, நண்பன், எந்தப் பெயரோடு வந்தாலும் அந்தப் பன்னிரண்டு சொல்லையும் கேட்கிறவன் கள்ளன் என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு காசை அனுப்புங்கள்.